இயல்புச் சான்றிதழ்

நிஸ்றாவுக்கு வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தி ஏறாவூரில் அவர்களுடைய ஒழுங்கைக்குள் பரவியபோது, அது என்ன வேலை என்று ஒருவருக்கும் சரியாக விளங்கவில்லை. "ரேடியோவுக்கு எழுதுற வேல" என்று உம்மா சொன்னார். "கவர்மென்ட் வேல மாதிரி, ஆனா கவர்மென்ட் இல்ல" என்று வாப்பா சொன்னார். இரண்டும் பாதி சரி. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு மூன்று வருடமாக வீட்டில் இருந்த பிள்ளை, கீழைக்கரை ஒலி விளம்பரத் தர நிறுவகத்தில் 'பிரதி எழுத்தாளர், தரம் இரண்டு' ஆகியிருந்தாள். தரம் ஒன்றில் எவரும் இருக்கவில்லை. அந்தக் கதிரையின் பொலித்தீன் உறைகூட இன்னும் கழற்றப்படவில்லை.

நிறுவகம் மட்டக்களப்பு நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இயங்கியது. கடல் கடந்த ஏதோவொரு குளிர்தேசம் அதற்கு நன்கொடை கொடுத்தது. அந்தத் தேசத்தார் ஆராய்ந்து ஒரு விசயத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். பொட்காஸ்ட் நடத்துகிற ஆள், நிகழ்ச்சிக்கு நடுவில், தன்னுடைய பேச்சிலேயே ஒரு பொருளைப் பற்றி நாலு வார்த்தை சொன்னால் கேட்பவர்கள் நம்புகிறார்கள். அந்த நாலு வார்த்தையை ஒழுங்குபடுத்த முப்பத்திரண்டு பேர் கொண்ட நிறுவகம் ஒன்று தேவை என்பதை மட்டும் நம்மவர்கள் கண்டுபிடித்தார்கள்.

'பொட்காஸ்ட்' என்ற சொல்லுக்கு அங்கே தடை. 'வலையொலி' என்றுதான் சொல்ல வேண்டும். வாழைச்சேனைப் பக்கத்து மீனவர்கள் இரண்டு பேர், இலவச வலை கொடுக்கிறார்களாக்கும் என்று நம்பி மாடியேறி வந்து, துண்டுப்பிரசுரம் வாங்கிக்கொண்டு போன கதையை நிஸ்றா முதல் நாளே கேள்விப்பட்டாள்.

முதல் வேலையாக அவளுக்குக் கொடுக்கப்பட்டது ஓட்டமாவடி நபீஸாவின் தையல் கூடம். நபீஸாவும் இன்னும் பத்துப் பெண்களும் அங்கே ஆற்றுத் தொழிலுக்கு, அதாவது சனம் ஆறு என்று சொல்லும் வாவியில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் போடும் உயிர்காப்பு ஜக்கட் தைத்தார்கள். மெசின் எல்லாம் நன்கொடைத் திட்டத்தில் வந்தவை. ஆகவே, நிறுவகத்தின் ஊடாக அல்லாமல் அவர்கள் தங்கள் பொருளை வேறெங்கும் விளம்பரம் செய்யக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது.

"ஜக்கட் நல்லாத்தான் ராத்தா இருக்கு. ஏன் ஒருத்தரும் வாங்குறாங்க இல்ல?" என்று நிஸ்றா நபீஸாவிடம் கேட்டாள்.

"வெக்கையாம்" என்றார் நபீஸா. பிறகு நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "வெக்கமுமாம்" என்றார். "நீந்தத் தெரியாதவன்தான் இதப் போடுவான் எண்டு அவங்களுக்குள்ள ஒரு கத. மாரி வருது புள்ள. போன மாரியில மட்டும் நாலு பேர் ஆத்தில மூழ்கிச் செத்தாங்க. நீ ஏதாவது செல்லி எழுது."

நிஸ்றா சொல்லி எழுதுவதற்கு முன் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். இந்தப் பக்கத்தில் ஆற்றுக்குப் போகிறவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று விசாரித்தாள். 'மூண்டு சில்லு' என்றார்கள்.

'மூண்டு சில்லு' அன்னப்பூரணியின் பொட்காஸ்ட். அன்னப்பூரணி குவைத்தில் ஏழு வருடம் வீட்டுவேலை செய்துவிட்டு வந்து மூன்று சக்கர ஓட்டோ வாங்கி, மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்கு முன்னால் நிறுத்தி ஓடுகிறவர். சவாரி இல்லாத நேரத்தில் போனைக் கைபிடியில் செருகி வைத்துவிட்டுக் கதைப்பார். ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் எந்த வரிசை கெதியாகப் போகிறது, எந்தப் பாலத்தில் எந்தக் குழி, யாருக்கு இரத்தம் தேவை, யார் யாரோடு கோபம். கட்டாரிலிருக்கிற பெடியன்களும் கேட்டார்கள், வாகரையில் விடியலில் தோணி தள்ளுகிறவர்களும் கேட்டார்கள். நிஸ்றா நாற்பது நிகழ்ச்சிகளை ஒரே மூச்சில் கேட்டாள். அவற்றில் ஒரு பல்பொடி விளம்பரமும் இருந்தது. எழுதிக் கொடுத்ததை அன்னப்பூரணி வாசித்திருந்தார். வாசிப்பது தெரிந்த அந்த நொடியிலேயே நிஸ்றாவின் பெருவிரல் தானாகப் போய் அதைத் தள்ளிவிட்டது. அந்த விரலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். தன் தொழிலின் முழுப் பாடமும் அந்த விரலில் இருந்தது.

அதனால் அவள் பிரதி எழுதவில்லை. ஒரு ஜக்கட்டை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனாள்.

"அக்கா, இத மூண்டு நாளைக்குப் போட்டுப் பாருங்க. மறுகா உங்களுக்கு என்ன தோணுதோ அதச் சொல்லுங்க. குறை இருந்தா குறையையும் சொல்லுங்க."

அன்னப்பூரணி ஜக்கட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "இத எங்க இருந்து கொண்டு வந்த நீ?" என்று கேட்டார். பிறகு, "போன கார்த்திகையில என்ட தம்பி வாகரையில, ஆத்தில தாண்டு செத்துப் போனான். மதுரன். தெரிஞ்சா வந்த?" என்றார்.

நிஸ்றாவுக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டுவிட்டு ஜக்கட்டைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள். அன்னப்பூரணி கொடுக்கவில்லை. சட்டைக்கு மேலே அதைப் போட்டு, வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.

நாலாம் நாள், கல்லடிப் பாலத்தடியில் ஓட்டோவை ஓரங்கட்டிவிட்டு, நிஸ்றா பின்சீற்றில் இருக்க, அன்னப்பூரணி போனைப் பார்த்துக் கதைத்தார்.

"இந்த ஜக்கட்டப் போட்டா வெக்கையாத்தான் இருக்கு. கழுத்தடியில கடிக்கும். மூண்டு நாள் இதப் போட்டுக்கொண்டு ஓட்டோ ஓடினன், சனம் பாத்துச் சிரிச்சிது. சிரிக்கட்டும். என்ட தம்பி மதுரன் எப்பிடி நீந்துவான் எண்டு வாகரையில கேளுங்க. நீந்தத் தெரிஞ்சவன்தான் போன மாரி தாண்டு போனான். ஓட்டமாவடியில நபீஸா எண்டு ஒரு ஆள் இதத் தைக்கிறா. போய் ஒண்டு வாங்குங்க. உங்களுக்காக வேணாம். கரையில நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறவளுக்காக."

நிஸ்றாவின் விரல் அசையவில்லை. ஒப்பந்தம் இருந்ததால் அதை உடனே வெளியிட முடியாது. அப்படியே கடுதாசியில் இறக்கி, மறுநாள் நிறுவகத்தில் சமர்ப்பித்தாள்.

பணிப்பாளர் உதயரூபன் அதை இரண்டு தரம் வாசித்தார். அவர் நல்ல மனிதர். காலையில் எல்லாருக்கும் வணக்கம் சொல்லுவார், ஒருவரையும் ஏசமாட்டார். அவருடைய கதிரைக்குப் பின்னால் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது. 'இயல்பாகப் பேசுபவர்' என்று அதில் இருந்தது. இலக்கம் 0001. பெயர் உதயரூபன். ஒப்பமிட்டவரும் உதயரூபன்.

"நல்லாயிருக்கு நிஸ்றா" என்றார். "ஆனா இவ கதைக்கிற மாதிரி இருக்கு."

"அவ கதைச்சதுதான் சேர்."

"அதத்தான் சொல்லுறன். இயல்பு எண்டது சனத்திட கையில அப்பிடியே விட்டுவைக்கிற சாமான் இல்ல. விட்டா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி இயல்பா இருப்பாங்க. மறுகா தரம் எங்க? எங்கட நிறுவகம் வாறதுக்கு முந்தி இந்த மாவட்டத்தில எல்லாரும் அனுமதி இல்லாமத்தான் இயல்பாப் பேசிக்கொண்டிருந்தவங்க. அந்த நிலைமைக்குத் திரும்பிப் போகேலாது."

பிரதி ஐந்து குழுக்களுக்கு அனுப்பப்பட்டது.

மொழிக் குழு ஜக்கட்டை 'உயிர்காப்பு அங்கி' ஆக்கியது. வெக்கை 'மிதமான வெப்ப அனுபவம்' ஆனது. கழுத்தடியில் கடிப்பதற்கு உகந்த தூய சொல் கிடைக்காததால் அது நீக்கப்பட்டது. வாவி நற்பெயர்க் குழு ஒரு கண்டனக் குறிப்பு எழுதியது. வாவி எவரையும் மூழ்கடித்ததாகத் தங்கள் கோப்புகளில் பதிவு இல்லை என்றும், இது மீன்கள் பாடுவதாகப் புகழ்பெற்ற 'மீன்பாடும் வாவி' என்றும், அந்தச் சொற்றொடரை விளம்பரத்தின் முதல் வரியில் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டது. சட்டக் குழு எண்பது சொற்களில் பொறுப்புத்துறப்பு ஒன்றைச் சேர்த்து, அதையும் இயல்பாக வாசிக்க வேண்டும் என்று அடிக்கோடிட்டது.

சமநிலைக் குழுதான் அதிகம் யோசித்திருந்தது. அங்கி அணிபவர்களின் தரப்பு மட்டும் சொல்லப்படுவது ஒருபக்கச் சார்பு என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே, 'அங்கி அணியாமலும் பலர் பாதுகாப்பாகக் கரை திரும்பியுள்ளனர் என்பதையும் நேயர்கள் கவனத்திற்கொள்ள வேண்டும்' என்ற வாக்கியம் சேர்ந்தது.

ஐந்தாவது குழு நல்லெண்ணக் குழு. எதிர்மறைச் சொற்களைக் களைவது அதன் வேலை. அதன் முடிவு வரப் பிந்தியது.

நிஸ்றா இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனாள். அன்னப்பூரணி ஓட்டோவின் கைபிடியில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் வாசித்தார்.

"மீன் பாடுதாமா" என்றார்.

"ஓம் அக்கா. முதல் வரியில."

"பாடட்டும். வெப்ப அனுபவமும் வரட்டும். தம்பிட வரி கிடக்கா?"

"அது இன்னும் குழுவில கிடக்கு."

"அந்த ஒரு வரி கிடந்தாப் போதும் புள்ள. மிச்சம் என்ன குப்பையெண்டாலும் வாசிக்கிறன். மாரிக்கு முன்னம் அது வாகரைச் சனத்திட காதில விழவேணும்."

"அது இருக்கும். நான் பாத்துக்கொள்ளுறன்" என்று நிஸ்றா சொன்னாள். சொல்லிவிட்டு நிறுவகத்துக்குத் திரும்பி, பணிப்பாளரின் கதவைத் தட்டி, அந்த வரியைக் காட்டினாள். "வரி இருக்கும். அது என்ட வாக்கு" என்றார் உதயரூபன்.

அடுத்தது அன்னப்பூரணிக்கு இயல்புப் பரீட்சை. சான்றிதழ் இல்லாதவர் நிறுவகத்தின் விளம்பரத்தை வாசிக்க முடியாது. குளிரூட்டிய அறையில், மூன்று பேர் கொண்ட குழுவின் முன்னால், நல்லெண்ணக் குழுவில் கிடந்த வரி நீங்கலாகப் பிரதியை அவர் வாசிக்க வேண்டும். பிரதியின் ஓரத்தில் குறிப்புகள் இருந்தன. இருபத்துமூன்றாம் செக்கனில் இயல்பாகச் சிரிக்கவும். நாற்பத்தோராம் செக்கனில் யோசிப்பது போல் நிறுத்தவும், ஆனால் யோசிக்க வேண்டாம்.

அன்னப்பூரணி வாசித்தார். இருபத்துமூன்றில் சிரிப்பு வரவில்லை. முப்பதில், மணிக்கூட்டைப் பிடித்திருந்தவரின் முகத்தைப் பார்த்தபோது வந்துவிட்டது. ஏழு செக்கன் பிந்திய சிரிப்பு என்று குறித்துக்கொண்டார்கள். நூற்றுக்கு முப்பத்தெட்டுப் புள்ளி. 'இவர் பேசுவது வெறுமனே பேசுவது போலவே இருக்கிறது' என்று குறிப்பெழுதப்பட்டது.

சித்தியடையாதவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி உண்டு. கொழும்பிலிருந்து ஒரு குரல் நிபுணர் வந்தார். ஓட்டோ ஓட்டும் ஒரு பெண்மணி எப்படிப் பேசுவார் என்று ஓட்டோ ஓட்டும் பெண்மணிக்குப் பேசிக் காட்டினார். கையால் ஸ்டியரிங்கையும் பிடித்துக் காட்டினார். அது காரின் ஸ்டியரிங்.

"கொஞ்சம் வெகுளியா வேணும். கிராமத்துத் தன்மை. உங்களுக்குள்ள இருக்கிற சாதாரண மனிசியத் தேடுங்க" என்றார்.

"அவ வெளியில ஓட்டோவுக்கு ஆள் பாத்துக்கொண்டு நிக்கிறா சேர்" என்றார் அன்னப்பூரணி. "கூட்டிக்கொண்டு வரவா?"

நிபுணர் இதை முன்னேற்றம் என்று பதிந்தார். மூன்றாம் நாள் அன்னப்பூரணிக்கு இயல்புச் சான்றிதழ் கிடைத்தது. இலக்கம் 0002. செல்லுபடியாகும் காலம் ஆறு மாதம்.

இவ்வளவும் முடிய ஐப்பசி பிறந்துவிட்டது. முதலாவது சான்றளிக்கப்பட்ட விளம்பரத்தை ஒரு விழா வைத்து வெளியிடுவதென்று நிறுவகம் தீர்மானித்தது. கல்லடியில் ஆற்றங்கரையோரம் பந்தல் போட்டார்கள். வாகரையிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் மூன்று பஸ்களில் மீனவர்களை ஏற்றி வந்து, சோற்றுப் பார்சல் கொடுத்து, முன்வரிசைகளில் இருத்தினார்கள். நபீஸாவின் ஜக்கட்டுகள் இருபது, கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிக் காட்சிக்கு வைக்கப்பட்டன. சாவி களஞ்சியப் பொறுப்பாளரிடம். அவர் அன்றைக்கு லீவு.

இறுதிப் பிரதி விழா தொடங்க ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர்தான் நிஸ்றாவின் கைக்கு வந்தது. நல்லெண்ணக் குழுவின் முத்திரை அதில் ஈரமாக இருந்தது. அவள் மதுரனின் வரியைத் தேடினாள். வரி இருந்தது.

'நீந்துவதில் வல்லவரான எனது தம்பி மதுரன், இன்று உயிர்காப்பு அங்கி அணிந்து மீன்பாடும் வாவியில் மகிழ்ச்சியாகத் தொழில் புரிந்து வருகிறார்.'

நிஸ்றா அதை நாலைந்து தரம் வாசித்தாள். எழுத்துகள் மாறவில்லை. பந்தலுக்குள் மாலைகளை எண்ணிக்கொண்டிருந்த உதயரூபனிடம் போனாள்.

"சேர், இவர் மௌத்தாகிட்டார்."

"தெரியும். குழுவுக்கும் தெரியும். ஆழ்ந்த அனுதாபம் கூட்டக் குறிப்பில பதிஞ்சிருக்கு."

"இதில உயிரோட இருக்கார் சேர்."

"ஓம். விளம்பரத்திலயும் அவர் சாகவேணும் எண்டு இல்லையே" என்றார் உதயரூபன் அன்பாக. "யோசிச்சுப் பாருங்க. ஆத்தில அவருக்குக் கிடைக்காத ஒரு வாழ்க்கைய நாங்க குடுத்திருக்கிறம். அந்தக் குடும்பத்துக்கு இத விட வேறென்ன செய்யலாம்? வரி இருக்கும் எண்டு நான் உங்களுக்கு வாக்குத் தந்தன். வரி இருக்கு."

பிறகு அவளுடைய கையில் ஒரு சிவப்புக் கடுதாசி மட்டையைக் கொடுத்தார். வாசிப்பவர் பிரதியிலிருந்து வழுவினால் அதை உயர்த்த வேண்டும். மட்டை உயர்ந்தால் ஒலிபெருக்கிக்காரர் மைக்கை நிறுத்துவார். பிரதி எழுதியவரே அதைச் செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது.

நிஸ்றா தாளைக் கொண்டுபோய் அன்னப்பூரணியிடம் கொடுத்தாள். அவர் ஓட்டோவுக்குள் இருந்தபடியே வாசித்தார். நிஸ்றா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத நீயா எழுதின?"

"இல்லக்கா."

"சரி" என்றார் அன்னப்பூரணி. தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகினார். "அப்ப வா, போவம்."

மங்கள விளக்கு ஏற்றினார்கள். உதயரூபன் பேசினார். "இந்த மீனவச் சகோதரங்கள் நாலு வருசமா எங்கட திட்டத்தில பயனாளிகள். அவங்களுக்கு என்ன தேவை எண்டு நாங்க அவங்களிட்டக் கேட்டு அவங்களக் கஷ்டப்படுத்தினதே இல்ல. குறுக்க வராம ஒத்துழைச்சிருக்கிறாங்க. இண்டைக்கு அவங்க முன்னிலையில, ஐந்து குழுக்கள், பதினேழு கூட்டங்கள், இருநூற்றுப்பத்து உத்தியோகத்தர் மணித்தியாலங்கள் செலவழிச்சு உருவாக்கின ஒரு நிமிசத்த உங்கட காதுக்குச் சமர்ப்பிக்கிறம். இதில ஒரு சொல்லாவது தற்செயலா வந்தது எண்டு ஒருத்தரும் சொல்லேலாது."

முன்வரிசையில் நின்ற உத்தியோகத்தர் 'கைதட்டவும்' என்ற பலகையைத் தூக்கினார். மீனவர்கள் தட்டினார்கள்.

அன்னப்பூரணி மைக்குக்கு முன்னால் வந்தார். தாளை விரித்தார். மீன்பாடும் வரியை வாசித்தார். மிதமான வெப்ப அனுபவத்தை வாசித்தார். குரல் ஒழுங்காக இருந்தது, நிபுணர் தலையாட்டினார். 'எனது தம்பி மதுரன்' என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். நாற்பத்தோராம் செக்கன் இன்னும் வரவில்லை.

"இதில என்ட தம்பி உசிரோட இருக்கிறான் எண்டு எழுதிக் கிடக்கு" என்றார். "இஞ்ச வாகரைச் சனம் இருக்கிறீங்க. அவனத் தூக்கினவங்களும் இருக்கிறீங்க. நான் இத எப்பிடி வாசிக்கிற?"

பந்தலுக்குள் பார்சல் தாள் சரசரத்த சத்தமும் நின்றுபோனது.

உதயரூபன் நிஸ்றாவைப் பார்த்தார். நிஸ்றா ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தாள். மட்டை மடியில் கிடந்தது. மூன்று வருடம் வீட்டில் இருந்ததும், வாப்பா ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்ததும் ஞாபகத்துக்கு வந்தன. உதயரூபன் கையை மேலே தூக்கிக் காட்டினார். அவள் மட்டையை எடுத்தாள். எடுத்து, கதிரையில் வைத்து, அதன்மேல் இருந்துகொண்டாள்.

உதயரூபன் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார். ஒலிபெருக்கிக்காரர் றம்ஸீன் காத்தான்குடியைச் சேர்ந்தவர். கல்யாணம், கந்தூரி, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் பெட்டி கட்டிப் பழகியவர்.

"மைக்க நிப்பாட்டுங்க."

"சிவப்பு மட்ட காட்டல்ல சேர்."

"நான் சொல்லுறன். நான் பணிப்பாளர்."

றம்ஸீன் சட்டைப் பையிலிருந்து நிறுவகத்தின் சுற்றறிக்கையை எடுத்து விரித்தார். "மட்ட கண்டா மட்டும்தான் நிப்பாட்டோணும், வேற ஆர் செல்லியும் நிப்பாட்டப்படாது எண்டு இதில இருக்கு சேர். உங்கட ஒப்பம்தான்."

உதயரூபன் நிஸ்றாவின் பக்கம் திரும்பினார். "மட்டை எங்க?"

"என்னட்டத்தான் இருக்கு சேர்" என்றாள் நிஸ்றா. கதிரையை விட்டு எழும்பவில்லை.

மேடையில் அன்னப்பூரணி தாளை மடித்துவிட்டார். பாலத்தடியில் சொன்னதைத்தான் சொன்னார். ஆனால் அப்படியே இல்லை. தாண்டு போன அன்றைக்கு மதுரன் காலையில் தேத்தண்ணி குடிக்காமல் போனதையும், ஜக்கட் போடடா என்றபோது "நான் என்ன குழந்தப் புள்ளயா அக்கா" என்று கேட்டதையும், மூன்றாம் நாள் கண்டல் வேருக்குள் அவனைக் கண்டெடுத்ததையும் சொன்னார். குரல் ஒரு இடத்தில் உடைந்தது. எந்த ஓரக் குறிப்பிலும் அது இருக்கவில்லை. "கழுத்தடியில கடிக்கும்" என்றார் கடைசியாக. "கடிச்சாப் பரவால்ல. போடுங்க."

பலகை தூக்கும் உத்தியோகத்தர் பலகையைத் தூக்க மறந்துபோனார். யாரும் தட்டவில்லை. மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவர் எழும்பினார். வாகரையைச் சேர்ந்த கோணாமலை. மதுரனோடு அன்றைக்கு ஆற்றில் நின்றவர்.

"அந்தச் சட்ட எங்க கிடக்கு?" என்று கேட்டார்.

கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார்கள். சாவி இல்லை என்று உத்தியோகத்தர் ஒருவர் விளங்கப்படுத்தத் தொடங்கினார். கோணாமலை பூட்டைப் பார்த்தார், பிறகு பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே நாலு சிறிய ஆணிகள்தான் இருந்தன. இன்னும் இரண்டு பேர் கைகொடுத்தார்கள். பின்பலகை ஒரு இழுப்பில் வந்தது. கோணாமலை ஒன்றை எடுத்துத் தலைவழியே போட்டு, கழுத்தை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"கடிக்கிதுதான்" என்றார். கழற்றவில்லை.

இருபதும் அங்கேயே விற்று முடிந்தன. பிறகு வந்தவர்கள் நபீஸாவின் போன் இலக்கத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினார்கள். அன்று பின்னேரமே அன்னப்பூரணி அந்தப் பேச்சை 'மூண்டு சில்லு'வில் போட்டார். நடுவில் பணிப்பாளரும் றம்ஸீனும் மைக்கைப் பற்றிக் கதைத்தது மெல்லிசாக விழுந்திருந்தது. அதையும் அவர் வெட்டவில்லை.

நிறுவகம் சும்மா இருக்கவில்லை. அன்னப்பூரணியின் இயல்புச் சான்றிதழ் இரத்துச் செய்யப்பட்டது. இனிமேல் அவர் இயல்பாகப் பேசுவது அவருடைய சொந்தப் பொறுப்பு என்று கடிதம் போனது. நிஸ்றாவுக்கு விளக்கம் கோரும் கடிதம் வந்தது. 'அங்கீகரிக்கப்படாத உண்மையைப் பொதுவெளியில் பரப்பத் துணைபோனமை' என்பது குற்றம். அத்தோடு நிற்காமல், ஒப்பந்தத்தை மீறிய விளம்பரத்தால் பயனடைந்ததாகச் சொல்லி நபீஸாவின் மெசின்களைத் தூக்க ஒரு லொறியையும் அனுப்பினார்கள்.

லொறிக்காரரிடம் இருந்த பட்டியலில் இலக்கத் தகடுள்ள மெசின்களை மட்டுமே ஏற்ற அனுமதி இருந்தது. ஆறு மெசின் போனது. மீதி ஐந்தில் தகடு கழன்று விழுந்திருந்தது. எப்படி விழுந்தது என்று கூடத்திலிருந்த பதினொரு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

செய்தி கேட்டு நிஸ்றா ஓட்டமாவடிக்கு ஓடினாள். ஐந்து மெசினில் முறை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் வெட்டிய துணி இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தது.

"ராத்தா, நாளைக்கு விசாரண. நான் செஞ்சது பிழ எண்டு எழுதிக் குடுத்தா ஆறு மெசினையும் திருப்பித் தருவாங்களாம்" என்றாள். "நீங்க செல்லுங்க. நான் எழுதிக் குடுக்கிறன்."

நபீஸா மெசினை நிறுத்தவில்லை. தையலை ஓரம்வரை ஓட்டி முடித்தார்.

"எங்கட மெசினுக்காக நீ அந்தப் பொடியன இன்னொருக்காத் தண்ணிக்குள்ள அமுக்கப் போறியா?" என்று கேட்டார். "மெசின் அவங்கட. கொண்டு போகட்டும். நீ ஒண்டையும் எழுதிக் குடுத்திராத. இந்தா, வந்ததுக்கு இந்த வார் எல்லாத்தையும் அளந்து வெட்டிப் போட்டுப் போ."

விசாரணை மறுநாள் காலை பத்து மணிக்கு. உதயரூபன் நடுவில் இருந்தார், ஐந்து குழுத் தலைவர்களும் இரு பக்கமும். ஒருவரும் கோபமாக இல்லை. தேநீர் கொடுத்தார்கள்.

"உங்கள வேலையால அனுப்பிறதுக்கு எனக்கு விருப்பமில்ல நிஸ்றா" என்றார் உதயரூபன். "இந்த விளம்பரத்தால அங்கி வித்ததாம் எண்டு சொல்லுறாங்க. அது எங்களுக்குப் பெரிய பின்னடைவு. எங்கட வழிமுற இல்லாமலும் ஒரு விளம்பரம் வேல செய்யும் எண்டு வெளியில தெரிஞ்சா, நன்கொடையாளருக்கு நாங்க என்ன சொல்லுற? அதால இந்தப் படிவத்த நிரப்புங்க. நடந்ததுக்கு வருந்துறீங்களா, சொன்னத மீளப் பெறுறீங்களா எண்டு உங்கட சொந்த வார்த்தையில, இயல்பா எழுதினாப் போதும். மெசினும் திரும்பிப் போகும், நீங்களும் தரம் ஒண்டுக்குப் போகலாம்."

படிவத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டார். நிஸ்றா வாசித்தாள். கீழே, விடைக்கான பெட்டிக்கு மேல், 'ஐம்பது சொற்களுக்குக் குறையாமல்' என்று இருந்தது.

அவள் பேனையைத் திறந்தாள். வாப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று ஒருமுறை யோசித்தாள். பிறகு எழுதத் தொடங்கினாள். அவசரமில்லாமல், வரி கோணாமல், பள்ளிக்கூடத்தில் உறுப்பெழுத்து எழுதுவதுபோல எழுதினாள். ஆறு பேரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். எழுதி முடித்து, ஒப்பம் வைத்து, தாளைத் திருப்பி அவர்கள் பக்கம் தள்ளினாள்.

'மாட்டேன்' என்று எழுதியிருந்தாள். பிறகும் 'மாட்டேன்' என்று எழுதியிருந்தாள். பெட்டி முழுக்க, வரிசை வரிசையாக, அந்த ஒரே சொல்தான் இருந்தது.

உதயரூபன் தாளைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் சட்டக் குழுத் தலைவரிடம் கொடுத்தார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"நாற்பத்தொன்பதுதான் இருக்கு" என்றார். "இத ஏற்கேலாது."

நிஸ்றா தாளைத் திரும்ப வாங்கி, இன்னொன்று எழுதிக் கொடுத்துவிட்டு எழும்பினாள்.